இரண்டு விரல்

தம்பி,

ஈஸ்டர் விருந்தில் நான் பேசிய பேச்சுக்கு, இந்தக் கடிதத்தை நீ பிரிப்பாயா என்றே தெரியவில்லை. "கலவைல ஒரு சொட்டுத் தண்ணிகூட கூடுதலா விடலக்கா" என்றாய். "கான்கிரீட் துண்டைக் கண்ணால பாத்தவ நான், எங்கிட்டயே புளுகாத" என்றேன்.

துலூத் ஊரில் நீ போட்ட பள்ளிக்கூடப் படிக்கட்டிலிருந்து வெட்டிய துண்டு, யாருடைய வேலை என்று தெரியாமல் வெறும் எண்ணோடுதான் என் ஆய்வுக்கூடத்துக்கு வந்தது. தாள்போல் இழைத்து நுண்ணோக்கியில் வைத்தேன். துளைகளைக் காட்ட ஏற்றும் நீலச் சாயம் எங்கும் ஊறியிருந்தது. கலவையில் மிஞ்சிய தண்ணீர் வற்றினாலும், அது இருந்த இடம் இறுகிய சிமெண்டுக்குள் பொடித் துளைகளாக நின்றுவிடும். குளிர்காலத்தில் அதில் நீர் புகுந்து, உறைந்து, உப்பி, உள்ளிருந்தே பிளக்கும். பிளந்தது. படி உடைந்து விழுந்த ஆசிரியை இன்னும் நடக்கவில்லை.

நேற்று, கலவை லாரி ஓட்டிய வெர்லின் கூப்பிட்டார். "விசாரணைக்கு வரச் சொல்றாங்கம்மா. உங்க தம்பி சென்ட்ரிங் பலகைக்கு அந்தப் பக்கம் குனிஞ்சிருந்தாரு. தண்ணி விடவான்னு ரெண்டு விரல் காட்டினேன். நீங்கதானே தலையாட்டினீங்க?"

படிக்கட்டுக்குக் கலவை கொட்டிய அன்று உங்களுக்குக் காப்பி கொண்டுவந்திருந்தேன். நுண்ணோக்கியை விட்டு நகராதவளுக்கு உங்கள் விரல் பாஷை என்ன தெரியும்? ஒரு விரல் பத்து கேலன் தண்ணீர் என்பதே நேற்றுத்தான் தெரிந்தது.

தலையாட்டியது நான்தான் என்று விசாரணைக்கு எழுதி அனுப்பிவிட்டேன். ஊர் சொல்லி நீ கேட்க வேண்டாம்.

காப்பிக்கு இரண்டு சர்க்கரை கேட்கிறார் என்று நினைத்தேன், தம்பி. போட்டும் கொடுத்தேன்.

உன் அக்கா