இரண்டு கையையும் தூக்க ஒரு சட்டை

மேடம்,

இன்று காலை கடையைத் திறந்ததும் ஒரு தாயார் வந்து, மகளுடைய ஃபுட்பால் ஜெர்சியை வெட்டும் மேசைமேல் போட்டுவிட்டுப் போனார். பக்கத் தையல் விட்டிருந்தது. கையில் எடுத்ததும் வலித் தைலத்தின் வாடை குப்பென்று ஏறியது. முழங்காலுக்கு நீங்கள் பூசிக்கொண்டு வருவீர்களே, அதே வாடை. என்னை அறியாமல் வாசலைப் பார்த்தேன். நீங்கள் உங்கள் ஊரில் இறந்துபோய்விட்டீர்கள் என்று போன மாதம்தான் நீங்கள் வேலை பார்த்த பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருவர் வந்து சொல்லியிருந்தார். தெரிந்தும் பார்த்தேன்.

உங்களுக்குத் தமிழ் வாசிக்க வராது. எனக்கு இங்கிலீஷ் எழுத வராது. நீங்கள் இருந்தபோதும் இதே கதைதான், ஆனாலும் நமக்குள் பேச்சு ஒருநாளும் முடங்கியதில்லை. அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

இந்த அரபு நாட்டில், ரோலா கடைத்தெருவில் என் கடைக்கு முதன்முதலாக வந்த அன்று நீங்கள் கொடுத்தது ஒரு பழைய நீலச் சட்டை. முதுகில் ஒன்பதாம் எண். துணி நைந்து, விரலை வைத்தால் கிழியும் பதம். "இதே மாதிரி ஒன்று புதிதாக வேண்டும், மாஸ்டர்ஜி" என்றீர்கள். பக்கத்துக் கடைப் பட்டாணியர் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். நீங்களும் அதையே பிடித்துக்கொண்டீர்கள். மகனுக்கா, தம்பிக்கா என்று கேட்டேன். "எனக்குத்தான். என் நாட்டுக்காக நான் போட்டு விளையாடியது" என்றீர்கள். ஐம்பது தாண்டிய ஒரு பெண்மணி, காலை லேசாகச் சாய்த்து நின்றுகொண்டு, பந்து விளையாடினேன் என்கிறார். அன்று எனக்குப் பிடித்த பைத்தியம்தான், கேள்வி கேட்கிற பைத்தியம்.

"இங்கிலாந்துக்கா மேடம்?" என்றேன். முகம் சிவந்துவிட்டது உங்களுக்கு. "ஸ்காட்லாந்து! ஸ்காட்லாந்து!" என்று மேசையைத் தட்டினீர்கள். நான் கோபித்துக்கொள்ளவில்லை. கீழக்கரைக்காரனான என்னை இங்கே வருகிறவன் போகிறவனெல்லாம் மலையாளி என்று நினைத்து 'மலபாரி' என்கிறான். அந்த எரிச்சல் எப்படி இருக்கும் என்று எனக்கா தெரியாது?

எங்கள் கடை வழக்கம் பிற்பாடு உங்களுக்குப் பழகிப்போனது. பெண்கள்மேல் நாங்கள் டேப் வைப்பதில்லை. நன்றாகப் பொருந்துகிற ஒரு துணியை அளவுக்குக் கொடுத்துவிட்டுப் போவார்கள், அதைப் பரப்பிவைத்து வெட்டுவோம். அளவுத் துணி சொல்வதுதான் சட்டம். அந்த நீலச் சட்டையையும் அப்படியே விரித்தேன். தோள் இறங்கியிருந்தது, கை சேர்கிற கைக்குழி இடுப்புக்குப் பாதிவரை தொங்கியது. ஃபுட்பால் சட்டை என்றால் இப்படித்தான் போலும் என்று நினைத்து, ஒரு நூல் பிசகாமல் வெட்டித் தைத்துவைத்தேன். எனக்கு ஒரே பெருமை.

நீங்கள் உள்ளே போய்ப் போட்டுக்கொண்டு வந்தீர்கள். கண்ணாடி முன்னால் நின்று இரண்டு கையையும் மெல்லத் தூக்கினீர்கள். சட்டை முழுவதும் சேர்ந்து மேலே ஏறியது. சட்டென்று ஒரு கையால் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தீர்கள். "பழையது எவ்வளவு மோசமோ அவ்வளவு மோசமாகத் தைத்திருக்கிறீர்கள்!"

எனக்குச் சுருக்கென்றது. "சாம்பிள்ல உள்ளபடிதானே தச்சேன் மேடம்?"

அப்போதுதான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னீர்கள். பகலில் பிஸ்கட் தொழிற்சாலை வேலை, சாயங்காலம் பூங்காவில் பயிற்சி. நாட்டுக்கு விளையாடக் கூப்பிட்டபோது சம்பளமில்லா லீவு. கொடுத்த சட்டை ஆண்கள் அணி போட்டுக் கழித்தது. ஆட்டம் முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். உங்கள் கடைசி ஆட்டத்தன்று, சட்டைகளை எண்ணி வாங்குகிற அம்மாள் உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு வேண்டுமென்றே தப்பாக எண்ணினாராம்.

"கோல் போட்டால் இரண்டு கையையும் தூக்கத் தோன்றும், மாஸ்டர்ஜி. தூக்கினால் வயிறு தெரியும். வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஆண்கள் விசிலடிப்பார்கள். அதனால் நான் போட்ட கோலுக்கெல்லாம் ஒரு கைதான் தூக்கினேன். இன்னொரு கை சட்டையைப் பிடித்துக்கொண்டிருக்கும்."

உங்கள் பள்ளிக்கூட வேலை முடிந்து ஊருக்குப் போகப்போகிறீர்கள், போகுமுன் உங்களுக்காக ஒரு ஆட்டம் வைத்திருக்கிறார்கள், டாக்டர் இதோடு சரி என்று சொல்லிவிட்டார் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. இனி ஒரு சட்டைதான், ஒரு ஆட்டம்தான்.

வீடு மாடியில்தானே, என் பெண்டாட்டியைக் கீழே கூப்பிட்டேன். திரைக்கு அந்தப் பக்கம் அவள் டேப் பிடித்து எண்ணைச் சொல்ல, இந்தப் பக்கம் நான் எழுதினேன். "கைய நல்லாத் தூக்கச் சொல்லு" என்றேன். "தூக்கிக்கிட்டுத்தான் நிக்கிறாஹ. நீங்க சீக்கிரம் எழுதுங்க, பாவம், கை வலிக்கும்ல!" என்றாள். கை தூக்கினாலும் சட்டை கூடவே ஏறாதபடி கைக்குழியை நன்றாக மேலே ஏற்றி, அக்குளில் கட்டமாக ஒரு சின்னத் துண்டு வைத்துத் தைத்தேன். முதுகில் பெயர் போடவா என்றதற்கு, "வேண்டாம். எங்கள் காலத்தில் பெயர் கிடையாது. ஒன்பது போதும்" என்றீர்கள்.

வெட்டும்போதும் தைக்கும்போதும் நீங்கள் வந்து உட்காருவீர்கள், நான் கேட்டுக்கொண்டே இருப்பேன். எந்தக் கால்? இடது கால். குளிரில் கால் மரத்துப்போகாதா? போகும். காசும் இல்லை, பேரும் இல்லை, பிறகு எதற்கு மேடம் ஓடினீர்கள்? இதற்கு மட்டும் "ஆட்டத்துக்கு வந்து பாருங்கள்" என்றீர்கள். உங்கள் தாயார் ஒரு ஆட்டமாவது பார்க்க வந்தாரா என்று கேட்க நினைத்து விட்டுவிட்டேன். அது இன்னும் உறுத்துகிறது.

வந்தோம். என் பெண்டாட்டியும் நானும் சாயங்கால வெயிலில் கம்பி வலையைப் பிடித்துக்கொண்டு நின்றோம். மற்றவர்களெல்லாம் ஓடினார்கள், நீங்கள் நின்றீர்கள். இதென்ன விளையாட்டு, நின்ற இடத்திலேயே நிற்கிறாரே என்று எனக்குப் பொறுமை போயிற்று. அப்புறம்தான் கவனித்தேன். பந்து எங்கேயோ இருக்கும்போதே நீங்கள் இரண்டடி தள்ளிப் போய் நிற்பீர்கள், கொஞ்ச நேரத்தில் பந்து அங்கேதான் வரும். அது எப்படி முன்கூட்டியே தெரிகிறது? இதையும் கேட்காமல் விட்டேன்.

கடைசியில் வலப்பக்கமிருந்து ஒரு பந்து வந்தது. நீங்கள் திரும்பினீர்கள், இடது கால் போயிற்று. மைதானமே எழுந்து கத்தியது. நான் பந்தைப் பார்க்கவில்லை. கால் போன நொடியே என் கண் அக்குளுக்குப் போய்விட்டது. தையல் நிற்குமா, நிற்காதா? தையல்காரன் புத்தி, வேறென்ன சொல்ல.

ஆட்டம் முடிந்து நொண்டிக்கொண்டே வலைக்கு வந்து, "பார்த்தீர்களா?" என்றீர்கள். நான் வாயைத் திறக்குமுன் அவள் போட்டு உடைத்துவிட்டாள். "எல்லாரும் கோலப் பாத்தா, இவுஹ மட்டும் கைக்குழியப் பாத்துக்கிட்டு நின்னாஹளாம் மேடம்!" நான் தட்டுத்தடுமாறி இங்கிலீஷில் சொன்னதும் வலையைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் வரச் சிரித்தீர்கள்.

எத்தனையோ நாள் அதை நினைத்து வெட்கப்பட்டிருக்கிறேன். உங்கள் வாழ்க்கையின் கடைசி கோல், அதை விட்டுவிட்டேனே என்று. போன மாதம் வந்த டீச்சர் தன் போனில் அந்த வீடியோவைக் காட்டினார். இதோ பார்க்கப்போகிறேன் என்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். அழகான கோல், மேடம். பந்து வளைந்து போய் மூலையில் விழுகிறது, படம் பிடித்தவர் பந்தோடேயே போகிறார். திரும்பி உங்களிடம் வருவதற்குள் பிள்ளைகள் ஓடிவந்து உங்களை மூடிவிடுகிறார்கள். மறுபடியும் மறுபடியும் போடச் சொல்லிப் பார்த்தேன். நடுவில் நடந்தது அதில் இல்லை.

கடையிலேயே அழுதுவிட்டேன். கோலைப் பார்த்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நீங்கள் இரண்டு கையையும் தூக்கியதைப் பார்த்தவன் நான் ஒருவன்தான். நேராக, விரல் விரிய, வானத்தைப் பார்த்துத் தூக்கினீர்கள். சட்டை ஒரு விரல்கூட ஏறவில்லை, மேடம்.