எல்லார் வாசலிலும் பச்சை அட்டை

அன்புள்ள மாரிட்டுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் கிரெய்கும் நன்றாக இருக்கிறீர்கள் என்று போன கடிதத்தில் பார்த்ததில் சந்தோஷம். இங்கே உடம்பளவில் எல்லாரும் சுகம்தான், அப்பாவுக்கு முழங்கால் வலி வழக்கம்போல, எனக்குத்தான் சில வாரமாக ராத்திரித் தூக்கமே இல்லை, டாக்டரிடம் போகவில்லை, காரணம் எனக்கே தெரியும், அதைக் கொட்டித் தீர்க்கத்தான் பேனாவை எடுத்தேன். நியூசிலாந்தில் இப்போது கோடை ஆரம்பித்திருக்கும். இங்கே பனி விழுந்து இறுகிவிட்டது, சோள அறுவடை முடிந்தது, அப்பா இந்த வருஷமும் ஒரு மான் அடித்துவந்தார், பாதி இறைச்சியை உன் தம்பி எரிக் வீட்டுக்குக் கொடுத்துவிட்டோம். நீ அனுப்பிய கம்பளிக் காலுறை வந்து சேர்ந்தது, அதைப் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

பள்ளிக்கூட ஓட்டு தோற்றுவிட்டது மாரிட். ஏதோ நூலிழையில் தோற்றிருந்தால் மனசு ஆறியிருக்கும், நம் ஹால்விக் ஊரில் மூன்று பேருக்கு இரண்டு பேர் வேண்டாம் என்று குத்திவிட்டு வந்திருக்கிறார்கள். கோடை முழுக்க நான் எதற்காக அலைந்தேன் என்று உனக்கு எழுதியிருந்தேன், நீ படித்த அதே கட்டடம்தான், மாடியில் கூரை ஒழுகி மூன்று வகுப்பைப் பூட்டிவிட்டார்கள், அந்தப் பிள்ளைகளை எல்லாம் கீழே நிலவறையில் கொதிகலன் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள், சுவரெல்லாம் கருப்பாகப் பூசணம். எரிக்கின் மகள் பிரிட்டா அங்கேதான் உட்காருகிறாள். ஏழு வயசுப் பிள்ளை, பென்சில் டப்பாவோடு இன்ஹேலரையும் எடுத்துக்கொண்டு போகிறாள். சொத்து வரியைக் கொஞ்சம் ஏற்ற ஊரார் சம்மதித்தால் கூரை, ஜன்னல், மின்வயர் எல்லாம் புதுசாகிவிடும், பிள்ளைகள் மாடிக்குப் போகலாம், இவ்வளவுதான் கேட்டோம். நீச்சல் குளம் கேட்கவில்லை.

நான் எப்படி ஏமாந்தேன் என்று சொல்கிறேன் கேள், சிரிப்பாய். பள்ளிக் கட்டடக் குழுவில் எனக்குக் கொடுத்த வேலை வீடு வீடாகப் போய்க் கேட்பது. போன வீட்டில் எல்லாம் உள்ளே கூப்பிட்டார்கள், காபி கொடுத்தார்கள், ஆளுக்கொரு இனிப்புத் துண்டு, எலுமிச்சை போட்டது, பூசணிக்காய் போட்டது, தின்று தின்றே பாவாடை இடுப்பில் ஏறவில்லை. நான் சொன்னதை எல்லாம் தலையாட்டிக் கேட்டுவிட்டு, யோசிக்க வேண்டிய விஷயம்தான் லவான், என்றார்கள். சரி, உங்க புல்வெளியில ஒரு பிரச்சார அட்டை நட்டுக்கவா என்று கேட்டால், நட்டுக்க, தாராளமா நட்டுக்க, என்றார்கள். அப்பாவும் சுத்தியலை எடுத்துக்கொண்டு என் பின்னாலேயே வந்து நட்டார். அக்டோபரில் பார்க்க வேண்டுமே நம் ஊரை, எல்லார் வாசலிலும் பச்சை அட்டை, பிள்ளைகளுக்காக ஆம் என்று போடுங்கள் என்று எழுதி, பிரதான தெருவில் ஒரு வீடு பாக்கியில்லை. நான் காரை மெதுவாக ஓட்டிக்கொண்டு போய் இரண்டு பக்கமும் பார்த்துப் பூரித்துப்போவேன். நம் ஊரில் யாரும் முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொன்னதே இல்லை, யோசிக்க வேண்டிய விஷயம்தான் என்றாலே கதவைச் சாத்திவிட்டார்கள் என்று அர்த்தம், இங்கேயே பிறந்து இங்கேயே தலை நரைத்தவள் எனக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா? மறுப்பது மரியாதை இல்லையாம், அதனால் என் அட்டையை வாசலில் வாங்கி வைத்துக்கொண்டு, ஓட்டுச்சாவடி வைத்திருந்த தேவாலயக் கீழ்த்தளத்தில் திரைக்குப் பின்னால் போய் என் கழுத்தை அறுத்திருக்கிறார்கள். ஓட்டு எண்ணி முடித்த மறுநாள் காலையில் எல்லாரும் அவரவர் அட்டையைப் பிடுங்கி, மண்ணைத் துடைத்து, அடுக்கிக் கட்டி நம் வீட்டு வாசலில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள், உனக்குத் திரும்பத் தேவைப்படுமே லவான், என்று ஒருத்தர் சீட்டு வேறு எழுதியிருந்தார். கார் கொட்டகைக்குள் கொண்டுபோய்ப் போட்டேன், தொடவே அருவருப்பாக இருந்தது.

அதோடு விட்டார்களா என்றால் அதுவும் இல்லை. என் சிநேகிதி ஆர்டிஸ் தெரியுமே, உன் கல்யாணத்துக்குக் கேக் செய்தவள், தன் புல்வெளியில் ஒன்றுக்கு இரண்டு அட்டை நட்டுக்கொண்டவள், அவள் தேவாலயத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பான்கேக் காலை உணவு ஏற்பாடு செய்திருந்தாள். எதற்கென்று என்னிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. நானும் அப்பாவும் படியிறங்கிப் போனால் வாசல் மேஜையில் ஒரு பெரிய காபி டப்பா, மூடியில் காசு போடத் துளை, டப்பாவைச் சுற்றி நம் பிரிட்டாவின் பள்ளிக்கூடப் போட்டோ ஒட்டியிருக்கிறது, முன்பல் விழுந்த சிரிப்போடு. கீழே கொட்டை எழுத்தில், பிரிட்டா மூச்சு விட உதவுங்கள். ஊரே வந்திருந்தது மாரிட், வேண்டாம் என்று குத்திய ஊர் முழுக்க வரிசையில் நின்று டப்பாவில் நோட்டைச் சுருட்டிச் சுருட்டித் திணிக்கிறது, என் தோளைத் தட்டிக்கொடுக்கிறது, கண்ணைத் துடைத்துக்கொள்கிறது. ஆர்டிஸ் மாவுக் கையோடு ஓடி வந்து, லவான், நீ உக்காரு, இன்னைக்கு நீ துரும்பைக்கூட எடுத்து வைக்கக் கூடாது, காத்தைச் சுத்தம் பண்ற மெஷின் ஒண்ணு வகுப்புக்கு வாங்கப் போறோம், உனக்குத் தெரியாம செஞ்சு சந்தோஷப்படுத்தணும்னு நெனச்சோம், என்றாள்.

நான் உட்காரவில்லை. ஆர்டிஸ், நீ ஆம்னு போட்டியா வேண்டாம்னு போட்டியா, என்று கேட்டேன். நம் ஊரில் யாரும் யாரையும் கேட்கக் கூடாத கேள்வி, எனக்குத் தெரியும், தெரிந்துதான் கேட்டேன். அவள் முகம் சிவந்துபோய், அதெல்லாம் ரகசியம்பா, இங்க வச்சா பேசுறது, என்றாள். நான் விடவில்லை, இங்க வச்சுத்தானே புள்ளை போட்டோவ ஒட்டுன, இங்க வச்சே சொல்லு, என்றேன். அதற்கு அவள், இதோ பாரு, மனசார குடுக்கறது வேற, புடுங்கிக்கறது வேற, வரின்னா அது எவனுக்குப் போய்ச் சேருதுன்னு யாருக்குத் தெரியும், இதுன்னா நம்ம பிரிட்டாவுக்குன்னு தெரியும்ல, என்றாள். அந்த நிலவறையில மத்த புள்ளைங்களும்தானே இருக்கு, அதுங்களுக்கு, என்றேன். அதுங்களுக்கும் ஒண்ணுன்னா நாங்க செய்ய மாட்டமா லவான், நாங்க என்ன மிருகமா, என்றாள். அப்ப ஒவ்வொண்ணுக்கா மூச்சு முட்டணும், ஒவ்வொண்ணு போட்டோவா டப்பால ஒட்டணும், நீங்க பான்கேக் தின்னுகிட்டே எந்தப் புள்ளை மூஞ்சி நல்லாருக்குன்னு பாத்துக் குடுப்பீங்க, அப்படித்தானே, என்று கேட்டுவிட்டு டப்பாவிலிருந்து போட்டோவைப் பிய்த்தேன், பாதிதான் வந்தது, பசை போட்டு நன்றாக ஒட்டியிருந்தாள். அத்தனை பேரும் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். அப்புறம் யாரோ, அந்த சிரப்பைக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளுங்க, என்றார்கள், உடனே எல்லாரும் மறுபடியும் பேச ஆரம்பித்துவிட்டார்கள், நான் அங்கே நிற்கவே இல்லாத மாதிரி.

திரும்பி வரும்போது வண்டியில் அப்பா ரேடியோவைத் திருகிக்கொண்டே வந்தார். நான்தான் கேட்டேன், நீங்க எப்படிங்க போட்டீங்க என்று. முப்பத்தெட்டு வருஷம் ஒரே மேஜையில் சாப்பிட்டவளுக்கு அதைக் கேட்கக்கூட உரிமை இல்லையா? அவர் கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டு, மேற்கால பாத்தியா லவான், கறுத்துகிட்டு வருது, ராத்திரிக்குள்ள இன்னொரு பனி இருக்கு, என்றார். நான் அட்டையை நீட்ட நீட்டத் தரையில் அடித்து இறக்கியவர் மாரிட், ஊர்ப் புல்வெளி அத்தனையிலும் சுத்தியல் அடித்தவர்! நிலம் நிறைய வைத்திருப்பவனுக்கு வரியும் நிறைய, அது எனக்கும் தெரியும், கணக்குப் பார்க்காமலா அலைந்தேன். வாயைத் திறந்து சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், சண்டை போட்டுவிட்டுச் சோறு போட்டிருப்பேன். இது சண்டைக்கும் வழியில்லாமல் செய்துவிட்டது.

மெஷினை வாங்கிவிட்டார்கள். அலமாரி உயரம், மேலே சிவப்பு ரிப்பன். நிலவறையில் கொண்டுவந்து சொருகினால் அந்தக் கட்டடத்து மின்வயர் தாங்கவில்லை, விளக்கெல்லாம் அணைந்து பிள்ளைகள் இருட்டில் கத்தியிருக்கிறார்கள். வயரை மாற்றத்தான் ஓட்டுக் கேட்டோம் என்று யாருக்கும் ஞாபகம் வரவில்லை. இப்போது அது ரிப்பனோடு மூலையில் நிற்கிறது, பிள்ளைகள் அதன்மேல் கோட்டு மாட்டுகிறார்கள். ஊரில் ஒருத்தருக்கும் வெட்கமில்லை, எப்படி இருக்குது மெஷினு, என்று கடையில் வைத்து என்னைக் கேட்கிறார்கள், நான் நன்றி சொல்வேன் என்று காத்து நிற்கிறார்கள், நான் வாங்க வந்ததை வாங்காமலே திரும்பிவிடுகிறேன்.

போன ஞாயிறு எரிக் பிரிட்டாவோடு சாப்பிட வந்தபோது தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, மினியாபொலிசில் வேலை கேட்டிருக்கேன் அம்மா, கோடைக்குள்ள போயிடுவோம்னு நெனக்கிறேன், என்றான். அவன் போனால் அப்பாவுக்குப் பிறகு இந்த நிலத்தை யார் உழுவது? எந்த நிலத்துக்கு வரி ஏறக் கூடாது என்று இவர் ஊமையாக இருக்கிறாரோ அதே நிலம்தான். அப்பா உருளைக்கிழங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் பிரிட்டா என் கையைச் சுரண்டிக் கேட்டாள், பாட்டி, எனக்குப் பல்லு இல்லாததாலதான் எல்லாரும் வேண்டாம்னு போட்டாங்களா, பல்லு மொளைச்சதும் வேற போட்டோ எடுத்து ஒட்டலாமா, என்று. டப்பாவையும் ஓட்டையும் குழப்பிக்கொண்டிருக்கிறது குழந்தை. இந்த ஊர் அதைத்தானே அதற்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது. நான் அவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அப்பா எழுந்து மாட்டுத் தொழுவத்தைப் பார்க்கப் போகிறேன் என்று வெளியே போய்விட்டார், மாடுகளை விற்று இரண்டு வருஷமாகிறது.

வசந்தத்தில் மறுபடியும் ஓட்டுக்கு விடுவதாகக் குழுவில் முடிவு செய்திருக்கிறார்கள். நீ சும்மா இரு லவான், உனக்கு உடம்புக்கு ஆகாது, என்று சொல்லிப் பார்த்தார்கள், நான் சும்மா இருக்கப் போவதில்லை. இன்று காலையில் என்ன செய்தேன் தெரியுமா, கோட்டை மாட்டிக்கொண்டு, வீடு வீடாகக் கொடுத்ததில் மிஞ்சிய பச்சைத் துண்டுச்சீட்டு ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு, சமையலறைக் கதவு வழியாக வெளியே போய், வீட்டைச் சுற்றி முன்வாசலுக்குப் போனேன். அந்த முன்கதவை நம் வீட்டில் யார் தட்டுகிறார்கள், பாஸ்டர், இல்லையென்றால் எதையாவது விற்க வந்தவன். பனியைக் காலால் தள்ளிக்கொண்டு ஏறி அழைப்பு மணியை அடித்தேன். அப்பா சவரம் பாதியில் நின்ற முகத்தோடு வந்து திறந்தார். ஐயா, என் பேரு லவான், பள்ளிக்கூடக் கட்டட விஷயமா வந்திருக்கேன், என்று ஆரம்பித்து ஒன்றுவிடாமல் சொன்னேன், கூரை, ஜன்னல், வயர், பூசணம், இன்ஹேலர், எல்லாம். ஊரான் வீட்டில் சொன்னதைவிட நிதானமாகச் சொன்னேன். கடைசியில், வசந்தத்துல நீங்க ஆம்னு போடுவீங்களா ஐயா, என்று கேட்டேன். பைத்தியமா உனக்கு, உள்ளே வா, என்று கத்துவார் என்று எதிர்பார்த்தேன், கத்தியிருந்தால் கும்பிட்டிருப்பேன். அவர் துண்டுச்சீட்டை வாங்கினார், திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம், யோசிக்க வேண்டிய விஷயம்தான், என்றார். வெளிய ரொம்பக் குளிரா இருக்கும்மா, ஒரு வாய் காபி குடிச்சிட்டுப் போறீங்களா, என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். விளையாட்டு இல்லை மாரிட். அவருக்கு வேறு பதில் தெரியவில்லை.

நீயும் கிரெய்கும் நோய்நொடி இல்லாமல், குறை ஒன்றும் இல்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும், தினமும் அதைத்தான் ஆண்டவனிடம் கேட்கிறேன். வெயிலில் தொப்பி போடாமல் திரியாதே, உன் தோல் என் தோல், சட்டென்று வெந்துவிடும். ஆர்டிஸ் உனக்கும் எழுதுவாள், அடுத்த டப்பாவுக்குக் காசு கேட்டு, ஒன்றும் அனுப்பாதே. அதற்குப் பதில் அப்பாவுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுது, நான் சொல்லித்தான் எழுதுகிறாய் என்று தெரிந்தாலும் பரவாயில்லை. எப்படி ஓட்டுப் போடப் போகிறீர்கள் என்று நேராகக் கேள், ஆமா இல்லையா, ஒரு வார்த்தை. அவ்வளவு தூரத்தில் இருப்பவளுக்கு அவரால் காபி ஊற்ற முடியாது.

என்றும் உன் நலம் விரும்பும்
அம்மா
லவான்