சுல்மோனாவில் வாங்கிய வெள்ளை இனிப்பு

என் அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் போய் ஏழு மாதமாகிறது. இந்தக் கடிதத்தை மூன்று தரம் தொடங்கிக் கிழித்துவிட்டேன். உங்கள் கோபம் எனக்குத் தெரியும். இருந்தாலும் ஊர்வாயால் நீங்கள் கேட்பதைவிட நானே சொல்லிவிடுவது நல்லது.

"தம்பி, நீ மட்டும் ஓமெண்டு சொல்லிப்போடாதை." ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்து நீங்கள் கடைசியாகச் சொன்னது இதுதான். உங்கள் மகள் சுபா, மார்க்கோ என்ற இத்தாலியப் பெடியனைக் கட்டக்கூடாது. நான் தலையாட்டினேன். அத்தான் இறந்தபின் இங்கே டண்டினொங்கில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் இரட்டை ஷிப்ட் நின்று அவளை வளர்த்து, என்னையும் ஊரிலிருந்து ஸ்பொன்சர் பண்ணி எடுத்தவர் நீங்கள். தலையாட்டாமல் வேறென்ன செய்வேன்?

சுபா விடுகிறவளா? "தாய்மாமன் நீங்க வேண்டாமெண்டா நான் கட்டமாட்டன். ஆனா ஒருக்கா வந்து அவையளைப் பாத்திட்டுச் சொல்லுங்கோ மாமா" என்றாள். மார்க்கோவுக்கு மிச்சமிருக்கும் சொந்தம் ஒரு அத்தைதான். இத்தாலியில் சுல்மோனா என்ற ஊரில் இனிப்புக் கடை வைத்திருக்கிறார். முழங்கால் வருத்தம், விமானம் ஏறமாட்டார். மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வருவது எங்கள் வழக்கம். இங்கே அது தலைகீழ்; பெண் வீட்டிலிருந்து நான் சுபாவோடும் மார்க்கோவோடும் போனேன். உண்மையைச் சொன்னால் குறை கண்டுபிடிக்கத்தான் போனேன். வேண்டாமென்று சொல்ல ஒரு குறை போதாதா?

சுற்றிவர மலை, நடுவில் கல் பாவிய தெருக்களோடு அந்தப் பழைய ஊர். கடை வாசல்களில் பூங்கொத்துகள் தொங்கின. பிளாஸ்டிக் என்று நினைத்தேன். கிட்டப் போனால் ஒவ்வொரு இதழும் சீனி பூசிய பாதாம். மூன்று நாளும் அந்தத் தெருவில் மேலும் கீழும் நடந்தேன். ஓரிடத்தில் இருந்தால் மனம் குடைந்தது. அத்தையிடம் குறை ஒன்றும் அகப்படவில்லை. வயிறு நிறைந்த பிறகும் இன்னும் சாப்பிடு என்று வற்புறுத்தினார், உங்களை மாதிரியே. அது எனக்கு எரிச்சலைத்தான் கூட்டியது.

கடைசி நாள் அவருடைய கடைக்குப் போனோம். டொக்டர் தடுத்தும் ஹான்ட்பாக்கில் இனிப்பை ஒளித்துவைத்துச் சாப்பிட்டவர் நீங்கள். ஆண்டுத் திவசத்துக்கு உங்கள் படத்துக்கு முன்னால் படைக்கக் கொஞ்சம் வாங்குவோம் என்று நினைத்தேன். சிவப்பு, நீலம், மஞ்சள் என்று எல்லா நிறமும் இருந்தது. செத்தவருக்கு வெள்ளைதானே? வெள்ளையைக் காட்டினேன்.

அத்தையின் கண் கலங்கிவிட்டது. ஐந்தைந்தாக எண்ணி வலைத்துணியில் வைத்து ரிப்பன் கட்டினார். பிறகு நொண்டி நொண்டி வந்து என் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"அங்கிள், இங்கை வெள்ளை வெடிங்குக்கு, கலியாணத்துக்கு" என்றான் மார்க்கோ, சுபாவிடம் பழகிய தமிழில். "நீங்கள் யெஸ் சொல்லிட்டீங்கள் எண்டு அத்தை நினைக்கிறா."

"இல்லை, இது அக்காவின்ரை திவசத்துக்கு." வாய்வரை வந்தது. ஆனால் வாசலில் நின்ற சுபாவின் முகத்தைப் பார்த்துவிட்டேன், அக்கா. நீங்கள் போன நாளிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் காணவில்லை. பேசாமல் பொதியை வாங்கிக்கொண்டேன்.

வீடு திரும்பியும் நிம்மதியில்லை. கலியாணம் எப்போதென்று கோயிலில் கண்டவரெல்லாம் விசாரிக்கிறார்கள். நான் சம்மதித்தேனா, வாய்மூடி நின்றேனா? இரண்டும் ஒன்றா?

நேற்று சுபா குசினியில் பயற்றங்காய் முறித்துக்கொண்டே கேட்டாள். "மாமா, கடைசியா அம்மா எங்கடை விஷயம் ஏதும் சொன்னவவோ?"

அம்மா மனம் மாறிவிட்டா என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவளுக்கும் ஆறுதல், எனக்கும் தப்பிக்க வழி. உங்களை வைத்துப் பொய் சொல்ல எனக்கு வரவில்லை.

"வேண்டாமெண்டுதான் சொன்னவ பிள்ளை. என்னையும் ஓமெண்டு சொல்லாதை எண்டவ."

அவள் கை நின்றது. "அப்ப நீங்க?"

"நான் ஓமெண்டுறன்."

இன்னொரு பயற்றங்காயை எடுத்து மெல்ல முறித்தாள். "அம்மா கோவிப்பாவோ?"

"கோவிப்பா. என்னோடை."

ஆகவே கோபத்தை என்னோடு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆண்டு முடிந்தபின் கலியாணம். நீங்கள் நிற்கவேண்டிய இடத்தில் நான் நிற்பேன். யார் கேட்டாலும், ஏன், அவளே கேட்டாலும், நீங்கள் சம்மதித்ததாக ஒருநாளும் சொல்லமாட்டேன். இந்தச் சத்தியத்தையாவது காப்பாற்றுவேன், அக்கா.

உங்கள் சொல்லைத் தட்டிய,
உங்கள் ஒரே தம்பி