இருபதாவது வாய்

பதிவு 1
17 ஜனவரி 2131, காலை 6.10. குதிரைகள் 26. காய்ச்சல் 0.

செவ்வாய், வடக்குக் குடியிருப்பின் குதிரை நிலையம். எழுதுவது இசக்கிமுத்து, கால்நடைத் தொழில்நுட்பப் பணியாளர். இங்கே ஆள் நான் ஒருவன்தான். முதல் கொட்டிலில் பன்னிரண்டு, இரண்டாம் கொட்டிலில் பன்னிரண்டு. தனிக்கொட்டிலில் இரண்டு: மல்லி, துரை. கிழக்குக் குடியிருப்பிலிருந்து வந்து மூன்று நாள் ஆகிறது. நாற்பது நாளுக்கு மற்றவற்றோடு சேர்க்கக் கூடாது.

இதைப் படிப்பவர் குதிரையையே பார்த்திராதவராக இருக்கலாம். ஆகவே சுருக்கமாக: இங்கே தண்ணீர்க் குழாய்களில் படியும் பாசியால் மனிதருக்குக் காய்ச்சல் வருகிறது. அதற்கு முறிமருந்து குதிரை ரத்தத்திலிருந்து கிடைக்கிறது. நோயுள்ள குதிரையின் ரத்தம் உதவாது. எனவே ஒரு குதிரையிடமிருந்து இன்னொன்றுக்கு நோய் தாவாமல் பார்ப்பதுதான் என் வேலை. குதிரைக்கு ஒரு வாளி. குழாய் முனை வாளித் தண்ணீரைத் தொடக் கூடாது. முதலில் பழைய குதிரைகள், கடைசியில் தனிக்கொட்டில். அங்கே போனால் குளிக்காமல் திரும்புவது கிடையாது.

மாலை 4.40. மாட்டுப் பொங்கல். இங்கே மாடு இல்லை, அதனால் குதிரைக்கு. குடியிருப்பிலிருந்து பெரிய தட்டு நிறையச் சர்க்கரைப் பொங்கல் வந்தது. அங்கிருக்கும் முந்நூறு பேரும் திரையில் பார்க்கிறார்கள். முதல் கொட்டில் பக்கம் திரும்பினேன். ஒலிபெருக்கியில் குடியிருப்பின் மருத்துவர், டாக்டர் செண்பகவல்லி:

"ஏல இசக்கி, எங்க போற? வீட்டுக்கு வந்த விருந்தாளிக்குல்லா மொதல்ல வைக்கணும்! ஒங்கம்மா இதைக்கூடச் சொல்லித் தரலையா?"

எல்லோரும் சிரித்தார்கள். மல்லிக்கு வெப்பம் 37.8, ஒரு தும்மல்கூட இல்லை. ஒரு நாள்தானே. அவளிடமிருந்தே தொடங்கினேன். தட்டை நேராக வாயருகே பிடித்தால் நக்கி எடுக்கின்றன. இருபதாவது வாயோடு தட்டு காலி. இரண்டாம் கொட்டிலின் கடைசி ஆறும் காலால் தரையைத் தட்டிக்கொண்டு நின்றன.

பதிவு 2
23 ஜனவரி, காலை 5.50. காய்ச்சல் 3.

முதல் கொட்டிலில் மூன்று குதிரைகளுக்கு 39.9. தீவனத்தை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்கின்றன. தாடைக்குக் கீழே வீக்கம். தொண்டைக்கட்டு என்னும் குதிரைத் தொற்றுநோய். மூக்குச் சளியும் கட்டி உடைந்த சீழும் பட்ட எதிலும் ஒட்டிக்கொண்டு பரவும்.

எங்கிருந்து வந்தது? தனிக்கொட்டில் குதிரைகள் இரண்டும் கல்லுப்போல இருக்கின்றன. குழாய் முனையாகத்தான் இருக்கும். மூன்று குழாய்களையும் வெட்டி எறிந்தேன். டாக்டரிடம் எரிந்து விழுந்தேன். அவர் பதில்:

"கத்தாதல. எனக்கும் காது இருக்கு. இங்க பாசிக் காய்ச்சல்ல முப்பத்தோரு பேரு படுக்கைல கெடக்காங்க. எத்தனை குதிரை சுத்தமா இருக்குன்னு மட்டும் சொல்லு."

பதிவு 3
26 ஜனவரி, பகல் 1.15. காய்ச்சல் 11.

இரண்டாம் கொட்டிலுக்கும் வந்துவிட்டது. வாளி, கயிறு, தூரிகை எல்லாம் தனித்தனி. கையைத் தோல் உரியக் கழுவுகிறேன். எந்த ஓட்டையில் நுழைகிறது? கிருமிநாசினி நான்கு லிட்டர். அடுத்த கப்பல் மார்ச் 9.

கரியமில வாயுவை உறிஞ்சும் இரண்டு காற்றுப் பொறிகளில் ஒன்று நின்றுவிட்டது. வடிகட்டி முழுக்க ரோமமும் காய்ந்த சளியும். மாற்று வடிகட்டியும் அதே கப்பலில்தான் வருகிறது. எல்லாவற்றையும் அந்தக் கப்பலில்தான் ஏற்ற வேண்டுமா?

பதிவு 4
28 ஜனவரி, காலை 9.30. காய்ச்சல் 18.

பதினெட்டோடு நின்றிருக்கிறது. ஆறு மட்டும் தப்பியிருக்கின்றன. எந்த ஆறு என்று பார்த்தேன். இரண்டாம் கொட்டிலின் கடைசி ஆறு.

உட்கார்ந்துவிட்டேன்.

பொங்கல் அன்று எடுத்த படப்பதிவைப் போட்டேன். மல்லி நக்குகிறாள். துரை. பிறகு வரிசையாகப் பதினெட்டு. தட்டை வழித்துக் காட்டிவிட்டுத் திரையைப் பார்த்துச் சிரிக்கிறேன். பல்லெல்லாம் தெரிகிறது. குழாயைச் சந்தேகப்பட்டேன், காற்றைச் சந்தேகப்பட்டேன், டாக்டரைத் திட்டினேன். என் கையிலிருந்த தட்டு நினைவுக்கு வரவில்லை.

மல்லியின் தொண்டை நீரைச் சோதித்தேன். கிருமி இருக்கிறது. அவளிடம் எந்த நோய்க்குறியும் தெரியவில்லை. உள்ளே வைத்துக்கொண்டு அழகாக நிற்கிறாள்.

டாக்டருக்குச் சொன்னேன். இரைச்சலுக்கு நடுவே அவர்:

"நான்லா சொன்னேன், விருந்தாளிக்கு மொதல்லன்னு."

"சொன்னது நீங்க, அக்கா. தட்டைப் பிடிச்சது நான். படிச்சவன் நான்."

பதிவு 5
29 ஜனவரி, மாலை 6.20. காய்ச்சல் 18. சுத்தம் 6.

மிச்சமிருந்த கிருமிநாசினியால் ரத்தம் எடுக்கும் அறையைக் கழுவினேன். கடைசிப் புது உடுப்பை மாட்டிக்கொண்டு ஆறு குதிரைகளையும் அங்கே விட்டேன். அந்த அறைக்குக் குடியிருப்புப் பக்கம் தனிக் கதவு உண்டு. இனி டாக்டர் பார்த்துக்கொள்வார். நான் கொட்டில் பக்கம் திரும்பி, நடுக்கதவின் இரும்பு விளிம்பை உருக்கிப் பற்றவைத்து மூடிவிட்டேன்.

வெளியே போவதானால் நான் குளிக்க வேண்டும். குளித்த தண்ணீர் மறுசுழற்சியாகி அந்த ஆறு குதிரைகளின் வாளிக்குத்தான் போகும். கிருமிநாசினி இல்லாமல் அதை நம்ப முடியாது.

இங்கே இருபது குதிரை, ஒரு மனிதன், பன்னிரண்டு குதிரைக்கான காற்றுப் பொறி ஒன்று. கரியமில வாயு 1.6 சதவீதம், ஏறுகிறது. என் கணக்கில் நான்கில் நிற்கும். குதிரை தாங்கும். மனிதனுக்குத் தலை குழம்பும்.

டாக்டர்: "எட்டு குதிரைய ஊசி போட்டுக் கொன்னுருல. காத்து சரியாயிரும். நான் சொல்லுதேன், என் பொறுப்பு."

"மாட்டேன். இதுல முக்காவாசி பொழைக்கும். பொழைச்சா மறுபடி ரத்தம் தரும். ஆறு குதிரை முப்பத்தோரு பேரைத்தான் தாங்கும், அக்கா. முப்பத்திரண்டாவது ஆள் வந்தா?"

"தின்ன என்னல வச்சிருக்க?"

"கொள்ளு. நாலு மூட்டை."

"சனியனே." அழுகிறார் என்று நினைக்கிறேன். இரைச்சலாகவும் இருக்கலாம்.

தலை வலிக்கத் தொடங்கிவிட்டது. அறிவு இருக்கும்போதே எழுதிவைக்கிறேன். இனி செய்யப்போவது:

1. காலையும் மாலையும் இருபதுக்கும் வெப்பம் பார்ப்பேன். மல்லிக்குக் கடைசியில். இனி யார் சிரித்தாலும் வரிசை மாறாது.
2. வெந்நீர் ஒத்தடம். கட்டி உடைந்தால் சீழ்த்துணியைப் பெட்டியில் பூட்டுவேன்.
3. கொள்ளை ஊறவைப்பேன். முதலில் அவற்றுக்கு, பிறகு எனக்கு.
4. தினமும் ஒரு தடவை டாக்டரிடம் "எத்தனை?" என்று கேட்பேன். ஆறு என்று மட்டும் சொன்னால் போதும்.
5. ஏதோ ஒரு நாள் தலை குழம்பி, வெளிக்கதவைக் குடியிருப்புப் பக்கமிருந்து திறக்கச் சொல்வேன். நல்ல காரணமாகத்தான் சொல்வேன். எல்லாக் குதிரையும் தேறிவிட்டது என்பேன், கப்பல் வந்துவிட்டது என்பேன், அழுவேன். குரல் என்னுடையதாகவே இருக்கும். மார்ச் 9க்கு முன்னால் திறக்காதீங்க, அக்கா.