மதினி தேர்ந்தெடுத்த ஆறு

மதினி,

உங்கள் எக்ஸ்ரே கவர் இப்போது என் மடியில் இருக்கிறது. மடித்த இடமெல்லாம் நைந்து போய்விட்டது. ஆனாலும் மூக்கருகே கொண்டுபோனால் ஆஸ்பத்திரி வாசனை இன்னும் லேசாக அடிக்கிறது. உள்ளே எக்ஸ்ரே ஏதும் இல்லை. ஆற்றுப் படகுப் பயணங்களைப் பற்றி நீங்கள் பிரிண்ட் எடுத்து வைத்த தாள்கள்தாம். நான் உட்கார்ந்திருப்பது பிரம்மபுத்திராவில், படகின் மேல்தட்டில், ஒரு பிரம்பு நாற்காலியில். பக்கத்து நாற்காலியில் என் கைப்பையை வைத்திருக்கிறேன். வேறு யாரும் வந்து உட்கார்ந்துவிடக் கூடாதே என்றுதான்.

நீங்கள் நர்ஸ் வேலையிலிருந்தும் நான் குளத்தூர் தாலுகா ஆபீஸிலிருந்தும் ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகு வந்த ஆசை இது. ஆரம்பித்தது நீங்கள்தான். "ஏத்தா, நம்ம நாட்டுக்குள்ளயே ஆத்துல கப்பல்ல போயி, அதுலயே தூங்கி எந்திரிச்சு வரலாமாம். போவமா?" அன்னவாசல் வீட்டின் கூடத்தில் பாயை விரித்துத் தாள்களைப் பரப்பி வைத்திருந்தீர்கள். என் அண்ணன் அவற்றை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போனார். "ரெண்டு பேருக்கும் கிறுக்குப் பிடிச்சிருச்சு" என்று போகிற போக்கில் சொன்னார்.

நான் கங்கையைக் காட்டினேன். காசிக்குப் போன மாதிரியும் ஆயிற்று, சாமி கும்பிட்ட மாதிரியும் ஆயிற்று என்று என் கணக்கு. நீங்கள் அந்தத் தாளை என் பக்கமே தள்ளிவிட்டீர்கள்.

"அது வேணாம்த்தா. காசின்னா ஆளாளுக்கு ஒரு சொம்புத் தண்ணி கேப்பாளுக. திரும்பி வந்து வீடு வீடாப் போயிக் கொடுத்துக்கிட்டு இருக்கணும். நான் இதுவரைக்கும் ஒரு வேலை இல்லாம எங்கிட்டும் போனதில்ல. ஒரே ஒரு தடவ சும்மா போயிட்டு, சும்மா வரணும்."

"அப்ப கேரளா?"

"பக்கத்துல இருக்கு. ஒங்க அண்ணன் பாதியிலயே போன் போட்டு வரச் சொல்லிருவாக."

கடைசியில் பிரம்மபுத்திராவில் விரலை வைத்தீர்கள். "இதுல அக்கரையே கண்ணுக்குத் தெரியாதாம். நம்ம வெள்ளாத்துல ஆடு மேஞ்சுக்கிட்டே அக்கரைக்குப் போயிருது." எனக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. நீங்கள் என் தலையில் தட்டிவிட்டு, அந்தத் தாளில் சிவப்புப் பேனாவால் ஒரு டிக் போட்டீர்கள். அந்த டிக் இன்னும் மங்கவில்லை.

அது தை மாதம். டிராவல்ஸ்காரருக்குப் போன் போட்டோம். மாசியில் இரண்டு இடம் காலியாக இருக்கிறது, அதுதான் நல்ல பருவம், கிளம்பி வாருங்கள் என்றார். அப்போது நான் உங்கள் கையிலிருந்து போனை வாங்கிக் கேட்டேன்.

"தம்பி, மாசியில ஆத்துல தண்ணி கெடக்குமா?"

அந்தப் பக்கம் சிரிப்பை அடக்குவது கேட்டது. "வருஷம் பூரா கெடக்கும்மா" என்றார். நான் நம்பவில்லை. நம்மூரில் மாசி என்றால் ஆறு வெறும் மணல், கண்மாய் வெறும் வெடிப்பு. முப்பது வருஷம் தண்ணீர் கேட்டு வந்த மனுக்களை வாங்கி முத்திரை குத்தியவள் நான். "விக்கிறவுக அப்படித்தான் சொல்லுவாக, மதினி. அம்புட்டுத் தூரம் போயி மணலைப் பாத்துட்டு வரவா? ஐப்பசியில மழை பேயட்டும். கார்த்திகையில போவோம்" என்றேன்.

"படத்துல இம்புட்டு அகலமா இருக்கேத்தா" என்று இழுத்தீர்கள். அப்புறம், "சரி, ஆபீஸ்ல இருந்தவ. ஒனக்குத் தெரியும்" என்று தாள்களை அடுக்கிக் கவருக்குள் வைத்தீர்கள். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை, மதினி.

ஆவணியில் ஒரு காலை, பால் காய்ச்ச அடுப்பைப் பற்ற வைத்தவர் அப்படியே சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தீர்கள். எத்தனையோ பேருக்கு நாடி பார்த்த கையை நான் பிடித்துப் பார்த்தேன். சூடு இருந்தது, அவ்வளவுதான். ஐப்பசியில் மழை நன்றாகவே பெய்தது. ஊரே சந்தோஷப்பட்டது. நான் அந்த மழையைத் திட்டித் தீர்த்தேன்.

கார்த்திகையில் எனக்குக் கிளம்ப மனம் வரவில்லை. வேண்டுமென்றேதான் மாசியைக் கேட்டு வாங்கினேன். உங்களிடம் மறைத்து என்ன ஆகப் போகிறது, சொல்லிவிடுகிறேன். ரயிலில் வரும்போது, ஆறு வற்றிக் கிடந்தால் தேவலை என்று நினைத்தேன். அப்படிக் கிடந்தால் நான் சொன்னதுதான் சரி, உங்களைக் காக்க வைத்ததில் தப்பில்லை என்று ஆகிவிடும் அல்லவா?

இன்று காலை படகுக்காரர் ஒருவர் கீழ்த்தட்டின் முனையில் நின்று, ஆழம் பார்க்க ஒரு மூங்கிலைத் தண்ணீருக்குள் இறக்கினார். அவரைப் போல மூன்று ஆள் உயரம் இருக்கும். நான் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். மூங்கில் போய்க்கொண்டே இருந்தது. அவர் பிடித்திருந்த இடம் வரைக்கும் போயும் தரை தட்டவில்லை. படகு கிளம்பிவிட்டது. நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

சற்று நேரத்தில் அண்ணன் கூப்பிட்டார். சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கவில்லை.

"ஏத்தா, ஆத்துல தண்ணி கெடக்கா?"

"கெடக்குண்ணே. நெறையாக் கெடக்கு."

போனில் மாடு கத்துவது கேட்டது.

"அக்கரை தெரியுதா?"

"தெரியலண்ணே."

"ம். அவ சொன்னா" என்றார். போனை வைத்துவிட்டார்.

மத்தியானம் மணல் திட்டில் இறக்கிவிட்டார்கள். மனசு கேட்காமல் என் பாட்டிலில் ஆற்றுத் தண்ணீரைப் பிடித்துவிட்டேன். ஊருக்குக் கொண்டுவந்து, உங்களை வைத்த இடத்தில் ஊற்றலாமென்று. மூடியைத் திருகும்போதுதான் சொம்புத் தண்ணிக்கு நீங்கள் அலுத்துக்கொண்டது ஞாபகம் வந்தது. சும்மா போயிட்டு, சும்மா வரணும் என்றீர்களே. செத்த பிறகும் உங்களை வைத்து ஒரு வேலையா என்று தோன்றியது. குனிந்து, ஆற்றிலேயே ஊற்றிவிட்டேன்.

பாட்டில் காலியாகத்தான் வருகிறது, மதினி. மாசிக்கும் ஆவணிக்கும் நடுவில் உங்களுக்கு முழுசாக ஆறு மாதம் இருந்தது. அதைத்தான் நான் தூக்கிக்கொண்டு வருகிறேன்.