ரிஸானா ராத்தா அழிக்கச் சொன்ன பந்தி

என் அன்பான ரிஸானா ராத்தாவுக்கு,

நாம் ஒருதரமும் நேரில் சந்திக்கவில்லை. கப்பல்துறையில் நான், மூதூரில் நீங்கள். உலகச் சூழலும் அபிவிருத்தியும் பற்றிய இணையவழித் தொலைக்கல்வியில் சேர்ந்தபோது, பக்கத்து ஊர்க்காரர் என்று நம் இருவரையும் ஒரே குழுவில் போட்டார்கள். எட்டு மாதமாக எனக்கு நீங்கள் என்றால் ஒரு குரல். அதற்குப் பின்னால் ஓடும் தையல் மெஷின் சத்தம்.

வகுப்புக்கு எழுதிக் கொடுக்கவேண்டிய ஒப்படைக்கு நாம் எடுத்த கேள்வி உங்கள் ஊரைப் பற்றியது. கரைச் சேற்றில் வேரூன்றி நிற்கும் கண்டல் காட்டை வெட்டி மீன் பதனிடும் ஆலை கட்டலாமா? கூடாது என்று நான் ஒரு பந்தி எழுதினேன். கட்டத்தான் வேண்டும் என்று நீங்கள் எழுதினீர்கள்.

"கண்டல் இல்லாட்டி கடல் ஊருக்குள்ள வந்திடும் ராத்தா" என்றேன்.

"வரும்தான் தங்கச்சி. அதுக்கு முதல் எங்கட பொம்புளையள் வேல தேடி வெளிநாட்டுக்குப் போயிருவாங்க. அத எந்தப் பாடத்துல எழுதிரிக்கி?"

எனக்குக் கோபம்தான் வந்தது.

ஒப்படை அனுப்ப நான்கு நாள் இருக்கும்போது உங்கள் குரல்பதிவு வந்தது. "தங்கச்சி, நான் எழுதின பந்திய அழிச்சிருங்க. ஏனெண்டு பின்னேரம் வகுப்புல சொல்றன்."

பின்னேரம் நீங்கள் வரவில்லை. நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும், அங்கேயே உயிர் பிரிந்து மௌத்தானதும் மறுநாள்தான் எனக்குத் தெரிந்தது.

ஏன் அழிக்கச் சொன்னீர்கள்? மனம் மாறியா? அல்லது அதையே இன்னும் நன்றாக எழுதவா?

மூன்றாம் நாள் பஸ் ஏறி உங்கள் வீட்டுக்கு வந்தேன். உங்கள் கணவர் நான் உட்காரக் கதிரை எடுத்துப் போட்டார்.

"ராத்தாவோட படிச்சனான்" என்றேன்.

"கப்பல்துறைத் தங்கச்சியா?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அண்ணன் முறை வைத்து அவரிடம் கேட்டேன்.

"நானா, ராத்தா கடைசியா அந்த ஆலையைப் பற்றி ஏதும் சொன்னவவா?"

"ஒண்டும் சொல்லல்ல. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முதல் நாள் அந்தக் கரைக்குப் போய்ட்டு வந்தா. வந்து சாப்பிடாமப் படுத்துட்டா."

கரையில் கண்டதா உங்களைப் படுக்க வைத்தது, அல்லது அப்போதே நெஞ்சு நொந்ததா? யாரிடம் கேட்பது?

தனியாக எழுதி அனுப்பலாம் என்று ஆசிரியர் அறிவித்தார். என்னால் ஏலவில்லை. உங்கள் பந்தியை அப்படியே விட்டு, 'இதை அழிக்கச் சொன்னார், காரணம் தெரியாது' என்று கீழே எழுதி, இரண்டு பெயரும் போட்டு அனுப்பினேன். வகுப்பில் அதை வாசித்தார்கள். வங்காளதேசக் கரையோரத்துப் பெண் ஒருத்தி, "உங்கள் தோழி கடைசியில் எந்தப் பக்கம்?" என்று கேட்டாள். நான் மைக்கை மூடிவிட்டேன்.

சொல்லுக் கேட்கவில்லை என்று கோபமா ராத்தா? எனக்கு இப்போது என் பந்தியிலும் நம்பிக்கை இல்லை. அந்தக் கரையில் நான் கால் வைத்ததேயில்லை. அங்கு நிற்கும் கண்டலைப் பாடத்திலிருந்த படத்தில் பார்த்துத்தான் எழுதினேன்.

அடுத்த கிழமை ஆலை பற்றி உங்கள் ஊரில் கூட்டம் வைக்கிறார்களாம். நானா என்னையும் வரச் சொன்னார். வருவேன். முதலில் கரையைப் பார்ப்பேன். பிறகு வேலை கேட்கும் பெண்களோடு இருந்து கதைப்பேன். ரிஸானா எங்கட பக்கம் என்று எவர் சொன்னாலும், அது என் பக்கத்தார் என்றாலும், எழும்பி நின்று, "அது ஒருத்தருக்கும் தெரியாது" என்று சொல்லுவேன். இது சத்தியம்.

உங்கட தங்கச்சி,
சுகந்தி