புத்தகத்தைத் திறந்த குற்றம் குறித்து

அனுப்புநர்:
தையல் கடைக்காரி,
பொது நூலகத்துக்கு எதிர் வரிசை.

பெறுநர்:
நகராட்சி ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: நூலகத்தைக் காட்சிக்கூடமாக்கி வாசகர்களை வெளியேற்றியது, என் மீதும் என் மகள் மீதும் தரப்பட்ட திருட்டுப் புகார் – தொடர்பாக.

மரியாதைக்குரிய ஆணையர் ஐயா அவர்களுக்கு,

1. நூற்றாண்டு கண்ட நம் நூலகத்தைப் 'பண்பாட்டுச் சின்னம்' என்று அறிவித்துத் தாங்கள் ஆற்றிய உரையைக் கேட்டேன். அதில் விட்டுப்போனதை மட்டும் தெரிவிக்கிறேன். முடிதிருத்தும் கடையொன்றில் ஒருவர் செய்தித்தாளை உரக்கப் படிக்க, ஆலைத் தொழிலாளர்கள் கூடி நின்று கேட்டார்கள். கூட்டம் தெருவை அடைத்ததும், ஒழுகும் பஞ்சுக் கிடங்கொன்றைக் கேட்டு வாங்கி, அவர்களே ஓடு மாற்றினார்கள். அதுதான் இந்த நூலகம். பின்னாளில், "பொம்பளைங்களுக்கு இங்க என்ன வேலை?" என்றவர்களோடு மல்லுக்கட்டி, என் தாயார் பெண்களுக்கென்று ஒரு மேசையைப் பிடித்தார். நகரின் முதல் நாடகக் குழு ஒத்திகை பார்த்ததும் அங்கேதான். ஒரு நாவலுக்காகச் சண்டை போட்டு, சண்டை தீராமலே சம்பந்தியானவர்களும் உண்டு.

2. இப்போது அங்கே உட்கார ஒரு நாற்காலி இல்லை. புத்தகங்களில் பாதி கண்ணாடிப் பெட்டிகளில் இருக்கின்றன. மீதி, குடிநீர்த் தொட்டிக்குப் பின்னாலுள்ள தகரக் கொட்டகையில். அங்கே கரையான்கள் மட்டும் தடையின்றிப் படித்துவருகின்றன.

3. என் மகள் செவிலியர் தேர்வுக்குப் படிக்கிறாள். அவள் பாதி படித்திருந்த உடற்கூறு நூலும் பெட்டிக்குள் போய்விட்டது. விலைக்கு வாங்க எனக்கு வக்கில்லை. திறப்பு விழாவன்று, பூட்டாமலிருந்த பெட்டியிலிருந்து அதை எடுத்துக் கொடுத்தேன். அவள் தரையில் அமர்ந்து, விட்ட இடத்திலிருந்து படித்தாள். காட்சிக்கூடப் பொறுப்பாளர் ஓடிவந்து, "தொடாதீங்கம்மா, இதெல்லாம் பாக்குறதுக்கு மட்டும்தான்" என்று பிடுங்கினார். பக்கம் கிழிந்தது. கிழித்தது நாங்கள் என்று அவர் தந்த புகாரில் உள்ளது.

விருந்தினர்கள் முன்னிலையில் என் மகளின் பையைக் கொட்டிச் சோதித்தார்கள். சாப்பாட்டு டப்பாவும் ஒரு கைக்குட்டையும் விழுந்தன. அன்றிலிருந்து அவள் அந்தத் தெருப்பக்கமே திரும்புவதில்லை. தேர்வும் வேண்டாம் என்கிறாள்.

4. ஆகவே, கூடத்தில் மீண்டும் மேசை போட்டு, கொட்டகையிலுள்ள புத்தகங்களை உள்ளே கொண்டுவந்து வாசகர்களுக்குத் திறந்துவிடவும், பொறுப்பாளர் என் மகளிடம் நேரில் வருத்தம் தெரிவிக்கவும் ஆணையிட வேண்டுகிறேன். விசாரணைக்கு எப்போது அழைத்தாலும் வருவோம். புகாரில் 'திருட முயன்றனர்' என்றிருப்பதை மட்டும் அடித்துவிட்டு, 'படித்தனர்' என்று எழுதச் சொல்லுங்கள். அதற்கு என்ன தண்டனையோ, ஏற்கிறோம்.

தங்கள் ஆணைக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
தையல் கடைக்காரி, நூலக உறுப்பினர்

இடம்: தையல் கடை
நாள்: திங்கட்கிழமை